சராசரி சொல்லும் பொய்

2012-ம் வருஷத்து அக்டோபர், நவம்பர் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு?

சென்னைவாசிகளுக்கு மறந்திருக்கலாம். அங்கே தினம் இரண்டு மணி நேரம்தான் கரண்ட் போனது. அதுவும் எத்தனை மணிக்குப் போகும் என்று சொல்லிவிட்டுப் போனது. கோவை, மதுரை, திருநெல்வேலிக்காரர்களைக் கேளுங்கள். பத்து மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். இன்வெர்ட்டர் வாங்கியவர்களுக்கு அதை சார்ஜ் பண்ணக் கரண்ட் கிடைக்கவில்லை.

அந்தச் சமயம் கோவையில் ஒரு லேத் பட்டறை முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தேன். நாலு மெஷின், ஆறு பேர் வேலை. பம்ப்செட்டுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பவர். காலையில் எழுந்ததும் அவர் முதலில் செய்கிற காரியம், மொட்டை மாடி ஏறிக் காற்று அடிக்கிறதா என்று பார்ப்பது. ஏன் என்று கேட்டேன். "பல்லடத்துல காத்தாடி நின்னா என்ற லேத்தும் நிக்குதுங்க" என்றார்.

பாமரத்தனமான பேச்சு என்று நினைக்காதீர்கள். மாநிலத்தின் மின்சார நிலைமையை ஒரே வரியில் அளந்து சொல்லிவிட்டார். அளக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் அன்றைக்கு எதை அளந்துகொண்டிருந்தார்கள், இன்றைக்கும் எதை நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் இந்த வாரம் என் சண்டை.

மின்வாரியத்தை எத்தனை கம்பெனியாகப் பிரித்தாலும் நமக்கு அது ஈ.பி.தான். யார் ஆட்சியில் இருந்தாலும் ஈ.பி. பற்றி மேடையில் பெருமையாகச் சொல்லும் முதல் எண், நிறுவுதிறன். "காற்றாலையில் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டோம்!" கைதட்டல். தாண்டியது உண்மைதான். இந்தியாவிலேயே காற்றாலையில் முன்னோடி நாம்தான், அதுவும் உண்மை.

ஆனால், நிறுவுதிறன் என்பது மெஷினின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் அச்சடித்த எண். உங்கள் பைக்கின் ஸ்பீடாமீட்டரில் 140 வரை போட்டிருக்கும். அண்ணா சாலையில் என்ன வேகத்தில் போகிறீர்கள்?

ஒரு கணக்குப் போடலாம், வாருங்கள். 2022 ஜூலை 9 அன்று தமிழ்நாட்டில் காற்றாலை மின்சாரம் 120 மில்லியன் யூனிட்டைத் தொட்டது. அன்றைய தேதியில் அது சாதனை. 120 மில்லியன் யூனிட்டை 24 மணி நேரத்தால் வகுத்தால், மணிக்கு மணி சராசரியாக 5,000 மெகாவாட். நிறுவுதிறன் அப்போது ஏறக்குறைய பத்தாயிரம். அதாவது சாதனை நாளிலேயே பாதிதான். ஆண்டு முழுக்கச் சராசரி எடுத்தால் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. டிசம்பரிலும் பிப்ரவரியிலும் காற்று ஓய்ந்த நாட்களில் சில நூறு மெகாவாட்டுக்கு இறங்கிவிடும்.

"பார்த்தீங்களா, அதான் சொல்றோம், காத்தை நம்பாதீங்க!" என்று ஒரு கோஷ்டி உடனே கிளம்பிவிடும். கொஞ்சம் பொறுங்கள் சார், உங்களிடமும் வருகிறேன்.

முதலில் சராசரி என்கிற சமாசாரத்தைப் பார்த்துவிடுவோம். உங்கள் ஸ்டாப்பில் மணிக்கு ஆறு பஸ் என்கிறது அட்டவணை. பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்று நம்பிப் போய் நிற்கிறீர்கள். நாற்பது நிமிஷம் ஒன்றும் வராது. அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாக நாலு வரும். மிச்சம் இரண்டு கடைசி ஐந்து நிமிஷத்தில். டெப்போவில் போய்க் கேட்டால் ரிஜிஸ்டரைக் காட்டுவார்கள். மணிக்கு ஆறு. சராசரி சரி. உங்கள் கால்வலியும் சரி. ரிஜிஸ்டரில் இருப்பது பஸ்களின் எண்ணிக்கை. உங்களுக்கு வேண்டியது பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் உள்ள இடைவெளி. அதை யாரும் எழுதி வைக்கவில்லை.

மின்சாரத்தில் இது கால்வலியோடு போகாது. மின்சாரத்தைக் குடத்தில் பிடித்து வைக்க முடியாது. இந்த விநாடி நாடு முழுக்க எவ்வளவு செலவாகிறதோ, அவ்வளவு இந்த விநாடியே உற்பத்தியாக வேண்டும். இரண்டும் சமமாக இருக்கிறதா என்று காட்டும் தராசு முள்தான் அலைவெண். 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். உற்பத்தி குறைந்தால் முள் கீழே சாயும். ரொம்பச் சாய்ந்தால் மின்நிலையங்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொள்ளும். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டதே, அன்று தொடக்கம் அளவுக்கு மீறி மின்சாரம் ஓடிய ஒரு லைன் கழன்றது. முடிந்தது இப்படித்தான். தெற்கு வலை அப்போது வடக்கோடு முழுதாக இணையாமல் இருந்ததால் நாம் தப்பித்தோம். 2013 கடைசி நாளில் இணைந்துவிட்டோம். இனி நல்லதும் கெட்டதும் சேர்ந்துதான்.

காற்றாலையின் ஏற்ற இறக்கம் சாதாரண ஏற்ற இறக்கமும் இல்லை. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் பாதியாகும் என்றுதானே நினைப்பீர்கள்? எட்டில் ஒரு பங்காகும். காற்றில் உள்ள சக்தி, வேகத்தின் மும்மடிப்பெருக்கம். வேகம் பத்து சதவீதம் தளர்ந்தாலே மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடும். முகத்தில் உங்களுக்கு வித்தியாசமே தெரியாத ஒரு தளர்ச்சி, கன்ட்ரோல் ரூமில் ஒருவருக்கு வியர்க்கவைக்கும்.

அந்த வியர்வையைத் துடைக்க அவர் கையில் இருப்பது என்ன? நிலக்கரியா? கொதிகலன் ஆறிப்போன யூனிட்டை எழுப்பப் பல மணி நேரம் ஆகும். ஓடிக்கொண்டிருப்பதையும் பாதிக்குக் கீழே இறக்கத் தயங்குவார்கள். தண்ணீர் அப்படியில்லை. நீலகிரியில் ஒரு பெல்டன் சக்கரத்தை நின்ற நிலையிலிருந்து முழு வேகத்துக்குக் கொண்டுவரச் சில நிமிஷம் போதும். நாசிலைத் திறந்தால் ஏறும், மூடினால் இறங்கும். 1932-ல் பைக்காராவில் ஆரம்பித்து, கனடா உதவியோடு குந்தா, பிறகு காடம்பாறை என்று நம் முன்னோர்கள் கட்டிவைத்துவிட்டுப் போன சுமார் 2,300 மெகாவாட் புனல் மின்சாரம்தான், காற்று தள்ளாடும்போது கைகொடுக்கும் கைத்தடி.

நம்மூரில் காற்றாலைக்காரர்களுக்கு 'பேங்கிங்' என்று ஓர் ஏற்பாடு வெகுகாலமாக இருந்துவந்தது. ஆடியில் உபரியாக வரும் மின்சாரத்தை வாரியத்தில் 'போட்டு' வைத்து, மாசியில் 'எடுத்து'க்கொள்ளலாம். கேட்க அழகாக இருக்கிறது. போட்ட மின்சாரம் எந்த லாக்கரில் இருந்தது? எந்த லாக்கரிலும் இல்லை. அன்றே யாரோ செலவழித்துவிட்டார்கள். மாசியில் வேறெங்கிருந்தோ கொண்டுவந்துதான் கொடுக்க வேண்டும். நிஜமான லாக்கர் ஒன்று உண்டென்றால் அது மலைமேல் உள்ள அணை. காற்று அடிக்கும்போது தண்ணீரைத் திறக்காமல் வைத்திருந்து, காற்று நின்றபின் திறந்தால், அதுதான் சேமிப்பு.

"அப்புறமென்ன, காத்தும் இருக்கு, தண்ணியும் இருக்கு. ஒண்ணு கொறைஞ்சா ஒண்ணு பார்த்துக்கும்" என்று சொல்லிவிடலாமா? மேடையில் சொல்லிவிடலாம். தாளில் போட்டுப் பார்த்தால் இடிக்கும்.

முதல் இடி, பருவம். நம் காற்று எப்போது வருகிறது? ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு என்று மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியாக, மே மாசக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. கொண்டுவருவது தென்மேற்குப் பருவக்காற்று. நீலகிரி அணைகளின் மேற்குப் பகுதிக்கு மழை கொண்டுவருவது எது? அதே தென்மேற்குப் பருவக்காற்று. ஆக, ஆடியில் காற்றும் வருகிறது, தண்ணீரும் வருகிறது. ஒருவர் இல்லாதபோது மற்றவர் வருவார் என்று நினைத்தால், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். அணையில் இடம் இருந்தால் தண்ணீரைப் பிடித்து வைக்கலாம். நிரம்பிவிட்டால்? காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் தண்ணீரைத் திறந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது இடி, சொந்தக்காரர் யார் என்பது. மேட்டூர் தண்ணீர் ஈ.பி.க்குச் சொந்தமில்லை. டெல்டா விவசாயிக்குச் சொந்தம். ஜூன் 12 வழக்கமான திறப்பு நாள். பாசனத்துக்குத் திறக்கும்போது, போகிற போக்கில் டர்பைனைச் சுற்றிவிட்டுப் போகிறது. ஆரல்வாய்மொழியில் காற்று நின்றுவிட்டது என்பதற்காகத் தஞ்சாவூருக்குத் தண்ணீரைக் கூட்டவோ குறைக்கவோ யாருக்கும் உரிமை கிடையாது, கூடவும் கூடாது. ஆகவே 2,300 மெகாவாட்டும் கைத்தடி ஆகிவிடாது. நீலகிரி மாதிரி நினைத்தபோது திறந்து மூடக்கூடிய புனல் எவ்வளவு, பாசனத்தின் பின்னால் போகும் புனல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

சொல்கிறார்களா? தினசரி அறிக்கையில் பளிச்சென்று இருப்பது காற்றாலை இத்தனை மில்லியன் யூனிட், புனல் இத்தனை மில்லியன் யூனிட், உச்சத்தில் இத்தனை மெகாவாட். பஸ் டெப்போ ரிஜிஸ்டர்!

அந்த ரிஜிஸ்டர் எதை மறைக்கிறது என்று காட்டுகிறேன். பேப்பர், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. நாலே நாலு கால்மணி நேரம். காற்றாலை 900, 500, 800, 400 மெகாவாட் என்று தள்ளாடுகிறது. சராசரி 650.

முதல் நாள், புனல்காரர் காற்றைப் பார்த்துக்கொண்டே நாசிலைத் திருப்புகிறார். 100, 500, 200, 600. சராசரி 350. இரண்டையும் கூட்டுங்கள். 1000, 1000, 1000, 1000. கோடு போட்ட மாதிரி.

இரண்டாம் நாள், பாசனத் தண்ணீர். புனல் அசையாமல் 350, 350, 350, 350. கூட்டினால் 1250, 850, 1150, 750. காற்றின் தள்ளாட்டம் அப்படியே மேலே வருகிறது.

மூன்றாம் நாள், யாரும் யாரையும் பார்க்கவில்லை. அல்லது அணை நிரம்பி வழிகிறது. காற்று ஏறும்போதே புனலும் ஏறுகிறது. 600, 200, 500, 100. சராசரி அதே 350. கூட்டினால் 1500, 700, 1300, 500. தள்ளாட்டம் இரண்டு மடங்கு.

இப்போது அறிக்கை எழுதுவோம். முதல் நாள்: காற்று சராசரி 650, புனல் சராசரி 350, மொத்தம் 1000. இரண்டாம் நாள்: அதே. மூன்றாம் நாள்: அதே! ஒன்று வித்தகனின் வேலை, ஒன்று சும்மா இருந்தது, ஒன்று கட்டுக்கடங்காதது. மூன்றுக்கும் ஒரே மார்க். மேலேயும் கீழேயும் உள்ள எண்ணுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டும் எழுதியிருந்தால் போதும். 0, 500, 1000 என்று உண்மை வெளியே வந்திருக்கும்.

கவனியுங்கள், இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. முதல் நாளில் புனலை மட்டும் தனியாக அளந்தால் 100-லிருந்து 600 வரை தாறுமாறாக ஆடுகிறது. 'நிலையில்லாத உற்பத்தி' என்று குட்டு விழும். இரண்டாம் நாள் புனலுக்குத்தான் பாராட்டு, ஆடாமல் அசையாமல் நின்றதால். தனித்தனியாக அளந்தால் நல்லவன் கெட்டவனாகவும், சும்மா இருந்தவன் சமர்த்தாகவும் தெரிவார்கள். அதனால்தான் காற்றையும் புனலையும் சேர்த்து அளக்க வேண்டும் என்கிறேன். இன்னும் சரியாகச் சொன்னால், நம் தேவையும் காலையில் ஏறி மதியம் இறங்கி ராத்திரி ஏறுகிறதே, அதிலிருந்து இரண்டையும் கழித்து, மிச்சம் எவ்வளவு ஆடுகிறது என்று அளக்க வேண்டும். அந்த மிச்சத்தைத்தான் நிலக்கரியும், வெளியில் அவசரத்துக்கு வாங்கும் மின்சாரமும் சுமக்கின்றன. அந்தச் செலவுதான் கடைசியில் உங்கள் கட்டணத்தில் வந்து உட்காருகிறது.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அளப்பது? அதிலும் ஏமாற்றலாம். மணிக்கு ஒருமுறை அளந்தால் நடுவில் நடந்த கூத்து தெரியாது. நிமிஷக் கணக்கில் அளந்தால் அலைவெண்ணின் கஷ்டம் தெரியும். நம் நாட்டில் ஒரு நாளைக் கால்மணி வீதம் 96 துண்டாக வெட்டித்தான் மாநிலங்களுக்கு இடையே கணக்குத் தீர்க்கிறார்கள். சொன்னதற்கும் எடுத்ததற்கும் வித்தியாசம் இருந்தால் காசு. மாசக்கணக்கில் அளந்தால் அணையின் கஷ்டம் தெரியும். மூன்று அளவும் வேண்டும். டாக்டர் நாடியும் பார்க்கிறார், சர்க்கரையும் பார்க்கிறார், மூன்று மாசச் சராசரிச் சர்க்கரையும் பார்க்கிறார் இல்லையா?

சரி, இப்போது 'காத்தை நம்பாதீங்க' கோஷ்டியிடம் வருகிறேன். ஐயா, இதே அளவுகோலை உங்கள் பக்கமும் வையுங்கள். ஒரு பெரிய அனல் யூனிட் குழாய் வெடித்து நின்றால் 600 மெகாவாட் ஒரே நொடியில் போகும். கூடங்குளத்தில் ஓர் அணு உலை நின்றால் 1,000 மெகாவாட். முன்னறிவிப்பு கிடையாது. ஆயிரக்கணக்கான காற்றாலைகள் நாலு கணவாய்களில் சிதறிக் கிடக்கின்றன. கம்பத்தில் காற்று தளரும் நிமிஷத்திலேயே உடுமலையிலும் தளர வேண்டும் என்று கட்டாயமில்லை. மொத்தமாகப் பார்த்தால் காற்று இறங்குகிறதே தவிர, விழுவதில்லை. வரும் இறக்கத்தை முன்கூட்டிக் கணிக்கவும் முடியும். பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் அந்தக் கணிப்பு வேலையைச் செய்துவருகிறது. கணிக்கக்கூடிய இறக்கத்துக்குத் தண்ணீரைத் தயாராக வைக்கலாம். ஆகவே காற்று கெட்டது என்பதும் நிறுவுதிறன் பெருமை மாதிரியேதான். இரண்டுமே அளக்காமல் பேசும் பேச்சு.

உலகத்தில் யாராவது இப்படிச் சேர்த்து அளந்து பார்த்திருக்கிறார்களா? ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரித் தீவுகளில் எல் ஹியர்ரோ என்று ஒரு குட்டித் தீவு. பதினோராயிரம் பேர் சொச்சம். ஐந்து காற்றாலைகள், மொத்தம் 11.5 மெகாவாட். ஓர் எரிமலை அணைந்துபோன வாயையே மேல் தொட்டியாக்கி, கீழே இன்னொரு தொட்டி கட்டினார்கள். காற்று அதிகமானால் தண்ணீரை மேலே ஏற்றுவது, குறைந்தால் இறக்கி மின்சாரம் எடுப்பது. 2014-ல் திறந்தபோது 'நூறு சதவீதம் பசுமைத் தீவு' என்று உலகப் பத்திரிகைகள் கொண்டாடித் தீர்த்தன.

கொண்டாட்டத்தோடு நிறுத்தவில்லை அவர்கள். ஸ்பெயினின் மின்வலை நிறுவனம் அந்தத் தீவின் காற்று எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, டீசல் எவ்வளவு என்று சில நிமிஷத்துக்கு ஒருமுறை அளந்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று பொதுவில் வைத்தது. எங்கோ உட்கார்ந்திருந்த ஆர்வலர்கள் கூட்டிக் கழித்துப் பார்த்தார்கள். ஆண்டுக் கணக்கில் நூறு சதவீதம் வரவில்லை. 2018-ல் 56 சதவீதத்தை ஒட்டி வந்தது. மிச்சம் டீசல். அதே நேரம் 2019 கோடையில் தொடர்ந்து 24 நாள் சொட்டு டீசல் இல்லாமல் ஓடியதும் பதிவாயிற்று. காற்று நன்றாக அடிக்கும் கோடையில் பிரமாதம், காற்று பல நாள் படுத்துவிட்டால் அந்தத் தொட்டி போதாது என்று தெளிவாகத் தெரிந்தது. விளம்பரமும் பொய், வசவும் பொய். அளந்ததால் தெரிந்த உண்மை, நடுவில்.

பதினோராயிரம் பேர் உள்ள தீவுக்கு அந்த மரியாதை. ஏழு கோடிப் பேருக்கு?

நம்மிடம் எரிமலை இல்லை, காடம்பாறை இருக்கிறது. ஆனைமலையில், ஆழியாறுக்கு மேலே. 1987-லிருந்து 89-க்குள் கட்டி முடித்த 400 மெகாவாட் நீரேற்று நிலையம். ராத்திரி உபரியில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குவது. ஏற்றச் செலவழித்த நூறு யூனிட்டில் எழுபது, எண்பதுதான் திரும்ப வரும். பழைய அறிக்கை மனசோடு பார்த்தால் இது நஷ்டம் தரும் நிலையம்! உற்பத்தியைவிடச் செலவு அதிகம். ஆனால், உங்கள் காரில் ஸ்டெப்னி டயர் இந்த வருஷம் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று யாராவது கேட்பார்களா? அது எத்தனை தடவை உங்களை நடுரோட்டில் நிற்காமல் காப்பாற்றியது என்றுதான் கேட்க வேண்டும். ஆட்டத்தை அளக்காதவரை, ஆட்டத்தை அடக்குகிறவனுக்கு மதிப்பும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி இன்னொன்று கட்டும் வேலை எத்தனை வருஷம் இழுத்தது என்று நீலகிரிக்காரர்களைக் கேளுங்கள்.

மலைமேல் நிற்கும் ஆபரேட்டருக்கும் இதில் பங்கு இருக்கிறது. காற்றுக்கு ஈடுகொடுக்க ஒரு நாளைக்குப் பல தடவை நிறுத்தி ஓட்டினால் பழைய மெஷின்கள் தேயும். கீழே ஆற்றில் திடீரென்று தண்ணீர் ஏறும், இறங்கும். அங்கே குளிப்பவர்களும் துணி துவைப்பவர்களும் மனுஷர்கள். எத்தனை தடவை, எவ்வளவு வேகமாக என்று எழுதி வைத்தால்தான் பராமரிப்புக்குப் பணம் கேட்கலாம், கீழே எச்சரிக்கை மணி வைக்கலாம். எழுதாத வேலைக்கு யார் கூலி கொடுப்பார்கள்?

அளந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இது சூரிய மின்சார வழக்கு, காற்று இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். தமிழ்நாட்டில் சூரிய மின்நிலையங்களை 'மின்வலை பாதுகாப்புக்காக நிறுத்து' என்று அடிக்கடி சொன்னார்கள். உற்பத்தியாளர்கள் வழக்குப் போட்டார்கள். நிறுத்திய நேரங்களின் கணக்கை எடுத்துப் பார்க்கச் சொல்லி, தேசிய மின்வலையை இயக்கும் மத்திய நிறுவனத்திடமே மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஒப்படைத்தது. அலைவெண் என்ன, லைனில் எவ்வளவு ஓடியது என்று நேரம் நேரமாகப் பார்த்தபோது, பல சமயம் வலைக்கு ஆபத்தே இல்லை என்று தெரியவந்தது. 2021 ஆகஸ்டில் நஷ்ட ஈடு தரச் சொல்லித் தீர்ப்பு. நாலு வருஷம் 'பாதுகாப்பு' என்ற ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தது. கணக்கு வந்ததும் அது வாயை மூடிக்கொண்டது. சீஸனில் காற்றாலைகளையும் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று அந்தத் தரப்பு வருஷக்கணக்காகப் புலம்பியிருக்கிறது. யார் சொல்வது சரி? கால்மணிக் கணக்கைப் பக்கத்தில் வைத்தால் ஒரு பிள்ளை சொல்லிவிடும்.

"இதெல்லாம் டெக்னிக்கல் சமாசாரம், பொதுஜனத்துக்குப் புரியாது" என்று ஒரு பதில் வரும். எனக்கு ரொம்பப் பிடித்த பதில். டக்வொர்த் லூயிஸ் விதிப்படி இன்னும் எத்தனை ரன் வேண்டும் என்று டீக்கடையில் சண்டை போடும் ஜனம் இது. ரன் ரேட் சராசரி ஆறு என்றால் சமாதானமாகாது, 'கடைசி ஐந்து ஓவரில் எவ்வளவு?' என்று கேட்கும். தங்கம் விலை காலையில் என்ன, சாயங்காலம் என்ன என்று பாட்டிகூடச் சொல்வாள். ஏற்ற இறக்கம் நமக்குப் புரியாத பாஷை இல்லை. நம் காசில் ஓடும் ஒன்றைப் பற்றி அந்த பாஷையில் பேச மறுப்பதுதான் பிரச்னை.

பெரிய செலவும் கிடையாது. மீட்டர் ஏற்கெனவே இருக்கிறது. கால்மணிக் கணக்கு ஏற்கெனவே எடுக்கிறார்கள். காசு தீர்க்க எடுத்த அதே கணக்கிலிருந்து தினம் ஒரு நாலு வரி போட்டால் போதும்.

காற்றும் புனலும் சேர்ந்து நேற்று எவ்வளவு ஆடின? ஒரு கால்மணியிலிருந்து அடுத்த கால்மணிக்கு நடந்த மிகப் பெரிய சரிவு எவ்வளவு? அந்தச் சரிவில் நினைத்தபடி திறக்கக்கூடிய புனல் எவ்வளவைத் தாங்கியது, மிச்சத்தைத் தாங்கியது யார், என்ன விலையில்? காற்றை நிறுத்தச் சொன்ன நேரம் எவ்வளவு, அப்போது தராசு முள் எங்கே நின்றது?

அணைகளின் நீர்மட்டத்தைத் தினசரிப் பத்திரிகையில் போடுகிறார்களே, அதற்குப் பக்கத்தில் இந்த நாலு வரிக்கு இடம் இருக்காதா? மழை எவ்வளவு பெய்தது என்று சென்டிமீட்டரில் படிக்கும் நாம், காற்று எவ்வளவு தள்ளாடியது என்று மெகாவாட்டில் படிக்க ஒரு மாசத்தில் பழகிவிடுவோம்.

பழகிவிட்டால், அடுத்த தடவை யாராவது மேடையேறி "நிறுவுதிறனில் நாங்களே முதல்" என்று சொல்லும்போது கைதட்டுவதற்கு முன்னால், "சரிங்க, நேத்து சாயங்காலம் ஆறரை மணிக்கு எவ்வளவு எறங்குச்சு, யாரு தூக்கி நிறுத்தினாங்க?" என்று கேட்கத் தோன்றும்.

அந்த லேத் முதலாளி 2012-ல் மொட்டை மாடியில் நின்று, முகத்தில் படுகிற காற்றை வைத்து அன்றைய பொழைப்பைக் கணக்குப் போட்டார். அவரிடம் வேறு அளவுகோல் இல்லை. அரசாங்கத்திடம் இருக்கிறது. அதை அவருக்கும் காட்டச் சொல்லுங்கள்.